பாக்கியம் அக்காவின் ஈய எழுத்துகள்

ஜூன் 3, திங்கள்

இந்த டைரி ஜனவரியிலிருந்து அலமாரியில் சும்மா கிடந்தது. டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய் விற்கும் கம்பெனிக்காரர்கள் இவருக்குக் கொடுத்தது. இவர் மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர். கையெழுத்தைத் தவிர வேறெதையும் எழுதி நான் பார்த்ததில்லை. ஐந்து மாதம் வீணானது போதும் என்று நான் எடுத்துக்கொண்டேன். முதல் பக்கத்தில் விண்ணப்பப் படிவம் மாதிரி கோடுகள். பெயர்: செண்பகவல்லி. வயது: நாற்பத்து நான்கு. தொழில்: பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் கணினித் துறை இணைப் பேராசிரியை. ரத்த வகை: மறந்துவிட்டது. கோட்டைக் காலியாக விட்டேன்.

எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் உண்டு. இன்று 94 வந்துவிட்டது.

பதினொரு வருஷமாக நான் செய்யும் ஆராய்ச்சி ஒன்றுதான். இங்குள்ள புற்றுநோய் ஆஸ்பத்திரியில் பெண்களுக்கு எடுக்கும் மார்பக எக்ஸ்ரே படங்களைக் கம்ப்யூட்டருக்குக் காட்டி, எதில் புற்று இருக்கிறது, எதில் இல்லை என்று பாடம் சொல்லிக்கொடுப்பது. முதல் வருஷம் நூறு புற்றில் நாற்பதைத்தான் கண்டுபிடித்தது. காசைச் சுண்டிப் போட்டிருந்தால் அதைவிட நன்றாக வந்திருக்கும். இன்று நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு. மூன்று தரம் ஓட்டிப் பார்த்தேன். மூன்று தரமும் அதே எண்.

ஆஸ்பத்திரி இயக்குநரே போனில் வந்தார். அக்டோபர் இரண்டாம் தேதி அவர்களுடைய பரிசோதனை வேன் கிராமங்களுக்குக் கிளம்புகிறது. ஒரு நாளைக்கு அறுபது எழுபது படம் எடுப்பார்கள். அத்தனையையும் பார்க்க டாக்டர் இல்லை. என் புரோகிராம் 'ஒன்றுமில்லை' என்று சொன்னால் அந்தப் பெண் நேராக வீட்டுக்குப் போகலாம். 'சந்தேகம்' என்று சொன்னால் மட்டும் டாக்டர் பார்ப்பார். வேன் ஓடினால் என் கட்டுரைக்கு மதிப்பு, எனக்குப் பேராசிரியர் பதவி. எல்லாம் அந்த 94-ன் தயவு.

அல்வா வாங்கிக்கொண்டு எக்ஸ்ரே அறைக்குப் போனேன். பாக்கியம் அக்காவுக்குக் கொடுக்காமல் யாருக்குக் கொடுப்பது? அன்னபாக்கியம், ஐம்பத்தாறு வயது, டெக்னீஷியன். நான் கம்ப்யூட்டருக்குக் காட்டிய படங்களில் முக்கால்வாசி அவர் கையால் எடுத்தவை. என் புரோகிராமுக்கு அவர் வைத்த பெயர் 'பிள்ளை.'

"பிள்ளை பாஸாயிட்டா டீச்சர்?"

"ஃபர்ஸ்ட் கிளாஸ் அக்கா."

"அப்பம் பிள்ளையோட அம்மாவும் ஒரு படம் எடுத்துக்கிட வேண்டியதுதான? நாப்பத்தி நாலு ஆச்சு. மிஷின் இப்பம் சும்மாத்தான் நிக்கி."

"அடுத்த வாரம் எடுத்துக்கிடுதேன்."

"எந்த வருசத்து அடுத்த வாரம்?"

அல்வாவை வாயில் திணித்து அவர் பேச்சை அடைத்தேன்.

ஜூன் 6, வியாழன்

கைப்பையை வலது தோளில் மாட்டப் பழகிக்கொண்டிருக்கிறேன். இடது பக்கம் வார் உறுத்துகிறது. புதுப் பை வாங்க வேண்டும்.

ஜூன் 11, செவ்வாய்

கட்டுரைக்கு ஒரு பத்தி வேண்டியிருந்தது: 'படங்கள் எவ்வாறு எடுக்கப்பட்டன.' பதினொரு வருஷம் போய்வந்தும் அக்கா வேலை செய்வதை நான் ஒழுங்காக உட்கார்ந்து பார்த்ததே இல்லை. இன்று திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து காதால் பார்த்தேன்.

உள்ளே வரும் பெண்ணுக்கு முதலில் பயம், பிறகு கூச்சம். அந்த மிஷின் மார்பை இரண்டு தட்டுகளுக்கு நடுவில் வைத்து அழுத்தும். தட்டோ ஏசியில் குளிர்ந்து கிடக்கும். அக்கா ஒவ்வொரு தரமும் இரண்டு உள்ளங்கைகளையும் தட்டில் வைத்துச் சூடேற்றுவது சீலை இடுக்கில் தெரிகிறது. அப்படியே, "வீட்டுல என்ன கொழம்பு?" என்று கேட்கிறார். ஒருத்தி "புளிக்கொழம்பு" என்றாள். "எந்தக் காய் போட்டிய?" என்று அடுத்த கேள்வி. முருங்கைக்காயா கத்தரிக்காயா என்று அந்த அம்மா யோசித்து முடிப்பதற்குள் படம் விழுந்துவிட்டது.

மேசையில் ஒரு பழைய பவுடர் டப்பா. அதற்குள் ஈயத்தில் வார்த்த இரண்டு ஆங்கில எழுத்துகள், வலதுக்கு R, இடதுக்கு L. தட்டின் ஓரத்தில் பிளாஸ்திரி போட்டு ஒட்டுவார். எக்ஸ்ரே ஈயத்தைத் தாண்டாததால் படத்தின் மூலையில் எழுத்து வெள்ளையாக விழும். எது எந்தப் பக்கம் என்று குழம்பாமல் இருக்க.

கட்டுரைக்கு நான் எழுதியது: 'படங்கள் பயிற்சி பெற்ற ஒரு டெக்னீஷியனால் எடுக்கப்பட்டன.' குழம்பைப் பற்றி எழுத இடமில்லை.

ஜூன் 21, வெள்ளி

தேரோட்டம். உள்ளூர் விடுமுறை. கூட்டத்தில் போய் நெரிபட வேண்டாம் என்று வீட்டிலேயே இருந்தேன். யாராவது முழங்கையால் இடித்துவிடுவார்கள்.

மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தபோது இவர் கேட்டார். "இருபது வருசமா அந்தப் பக்கம் செவத்தப் பாத்துப் படுப்ப. இப்பம் ஒரு மாசமா என் மூஞ்சியப் பாத்துப் படுக்க. என்ன விசேஷம் செம்பா?"

"ஜன்னல் வெளிச்சம் கண்ணுல அடிக்கி."

ஆனாலும் சந்தோஷப்பட்டுக்கொண்டார். படட்டும்.

(இந்த இடத்தில் எழுதிய இரண்டு வரியை அடித்துவிட்டேன்.)

ஜூலை 1, திங்கள்

அக்கா நான்கு வாரம் லீவு. மகளுக்குப் பிரசவம், நாசரேத்தில். கிளம்பும்போது பவுடர் டப்பாவைப் புதிதாக வந்த டெக்னீஷியனிடம் ஒப்படைத்தார், வீட்டுச் சாவியைக் கொடுப்பது போல. என்னைப் பார்த்து, "நான் வந்து மொத படம் டீச்சருக்குத்தான்" என்றார். பதினேழு பேருக்கு முன்னால்.

ஜூலை 22, திங்கள்

சறுக்கிவிட்டது.

வேன் கிளம்புவதற்கு முன் ஒரு ஒத்திகையாக, ஜூலை முதல் தேதியிலிருந்து எடுக்கும் படங்களையெல்லாம் புரோகிராமும் பார்க்கட்டும், டாக்டரும் தனியாகப் பார்க்கட்டும் என்று ஏற்பாடு. டாக்டர் கண்டுபிடித்த புற்று ஒன்பது. புரோகிராம் கண்டுபிடித்தது நான்கு. மிச்ச ஐந்து பேரையும் 'ஒன்றுமில்லை' என்று வீட்டுக்கு அனுப்பியிருக்கும். டாக்டர் இருந்ததால் பிழைத்தார்கள். வேனில் இருக்க மாட்டார்.

புது டெக்னீஷியன் சரியாக எடுக்கவில்லை என்று முதலில் அந்தப் பெண்மேல் பழியைப் போட்டேன். படங்களை எடுத்துப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி இருக்கின்றன. மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

ஜூலை 24, புதன்

பழைய படங்களை மாதவாரியாகப் பிரித்துப் புரோகிராம் எத்தனை சரியாகச் சொல்கிறது என்று கோடு வரைந்தேன். எல்லா மாதமும் தொண்ணூறுக்கு மேல். மே மாதம் மட்டும் பள்ளம். எல்லா வருஷமும் மேயில் பள்ளம்.

வெயில் என்று நினைத்தேன். பிறகு ஏசி. பிறகு மின்சாரம் ஏறி இறங்குகிறதோ என்று இவரிடம் கேட்டேன். "எதுக்கெடுத்தாலும் எங்க டிபார்ட்மென்ட்டத்தான் சொல்லுவிய" என்று கோபித்துக்கொண்டு மோருக்கு உப்புப் போடாமல் குடித்துவிட்டுப் போனார்.

ஆஸ்பத்திரிக்குப் போய் லீவு ரிஜிஸ்டரைக் கேட்டு வாங்கினேன். மே மாதம்தோறும் அக்கா ஊருக்குப் போகிறார். எங்கெல்லாம் பள்ளமோ அங்கெல்லாம் அக்கா இல்லை.

ஜூலை 26, வெள்ளி

ஒரு படத்தில் எந்த இடத்தைப் பார்த்து முடிவு செய்தது என்று கேட்டால் புரோகிராம் அந்த இடத்தில் சிவப்புத் திட்டுப் போட்டுக் காட்டும். கட்டி இருக்கும் இடத்தில் ஒரு திட்டு விழும். மூலையில் ஒரு திட்டு விழும். மூலையில் விழுவதைப் படத்தின் ஓரத்துக் கோளாறு என்று இத்தனை நாளும் ஒதுக்கியிருந்தேன். கட்டுரையிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன், பெரிய படிப்பாளி மாதிரி.

அந்த மூலையில் இருப்பது ஈய எழுத்து.

நோயாளியின் பெயர் தெரியக் கூடாது என்று ஒவ்வொரு படத்திலும் பெயரைக் கருப்படித்துத்தான் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தோம். எழுத்தை மட்டும் விட்டுவிட்டோம். வலது எது இடது எது என்று தெரிய வேண்டாமா என்று நான்தான் விடச் சொன்னேன்.

அக்கா எடுத்ததில் புற்று உள்ள படங்களை ஒரு பக்கமும் இல்லாதவற்றை ஒரு பக்கமும் வரிசையாகப் போட்டு, இந்தத் தடவை மார்பைப் பார்க்காமல் எழுத்தை மட்டும் பார்த்தேன். இல்லாதவற்றில் எழுத்து நேராக நிற்கிறது. புற்று உள்ளவற்றில், ஆணி தளர்ந்த காலண்டர் போல, ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. எண்ணினேன். 612 புற்றில் 538-ல் சாய்வு. புற்று இல்லாத எட்டாயிரத்துச் சொச்சத்தில் எழுநூறில்தான் சாய்வு.

அக்காவுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. படம் விழுவதற்கு முன்பே.

பதினொரு வருஷம் நான் பாடம் நடத்தினேன் என்று நினைத்தேன். பிள்ளை பக்கத்து நோட்டைப் பார்த்துக் காப்பியடித்திருக்கிறது.

ஜூலை 29, திங்கள்

அக்கா வந்துவிட்டார். பேத்தி பிறந்திருக்கிறாள், மூன்று கிலோ. முந்திரிக்கொத்து கொண்டுவந்திருந்தார். தின்று முடிக்கும் வரை பொறுத்திருந்து கேட்டேன்.

"அக்கா, இந்த எழுத்த ஏன் சாய்ச்சு ஒட்டுதிய?"

சிரித்துக்கொண்டிருந்த முகம் அப்படியே நின்றுவிட்டது. எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"யாரும் கம்ப்ளெய்ன்ட் குடுத்தாவளா?"

"இல்லக்கா. நான்தான் கண்டுபிடிச்சேன்."

கொஞ்ச நேரம் டப்பாவைத் திறந்து திறந்து மூடினார். பிறகு சொன்னார். "நான் வேலைக்குச் சேந்த புதுசு. பணகுடியிலருந்து ஒரு அம்மா வந்தாவ. தட்டுல எடுத்து வைக்கும்போதே கையில தட்டுப்பட்டுது, பயறு மாதிரி. ஃபார்ம்ல 'கட்டி இருக்கு'ன்னு எழுதிட்டேன். அப்பம் இருந்த பெரிய டாக்டர் எல்லாரையும் வச்சுக்கிட்டு, 'படம் எடுக்கதுதான் உன் சோலி, படிக்கது என் சோலி'ன்னுட்டாரு. படத்துல ஒண்ணும் தெரியலன்னு அந்த அம்மாவ அனுப்பிட்டாவ. ஒண்ணரை வருசம் கழிச்சுத் திரும்ப வந்தாவ டீச்சர். அப்பம் நான் எடுத்த படத்த யாரும் படிக்க வேண்டிய தேவையே இல்ல."

"அதுக்குப் பொறவு?"

"அதுக்குப் பொறவு நான் எழுதவே இல்ல. எழுதக் கூடாதுன்னுதான சொன்னாவ? சாய்க்கக் கூடாதுன்னு யாரும் சொல்லலயே."

பிள்ளை செய்ததைச் சொன்னேன். புரிய நேரமாயிற்று. புரிந்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது. "அப்பம் ஒங்க பதினோரு வருசத்த நான்தான் கெடுத்துப்புட்டேனா?" என்று அழ ஆரம்பித்தார். எனக்கும் தாங்கவில்லை. அழுதேன்.

"நீங்க என்னத்தக்கா கெடுத்திய? பிள்ள காப்பியடிச்சா அது வாத்தியார் தப்பு."

வெளியே வரிசையில் இருந்த ஒரு அம்மா கதவைத் திறந்து பார்த்துவிட்டு, மெதுவாக மூடிவிட்டுப் போனார். தனக்குத்தான் ஏதோ என்று பயந்திருப்பார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடினார்.

ஆகஸ்ட் 1, வியாழன்

டாக்டர் கோமதிநாயகத்தைப் பார்த்தேன். இருபத்திரண்டு வருஷமாக இங்கே படம் படிப்பவர் அவர்தான். அவர் கண்ணைப் பற்றி மதுரை வரைக்கும் பேச்சு.

"சார், மூலையில எழுத்து சாய்ஞ்சிருக்கது..."

கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைப்பது போல பேன்ட்டில் துடைத்தார். "தெரியும்."

"எப்பத்துலருந்து சார்?"

"ரெண்டாவது வருசத்துலருந்து. சாய்ஞ்சிருந்தா இன்னொரு தரம் பாப்பேன். ஒண்ணும் தெரியலன்னா ஸ்கேனுக்கு அனுப்பிருவேன்."

"அக்காட்ட ஒரு வார்த்த கேட்டதில்லயா?"

"கேட்டா பயந்து நிறுத்திட்டாவன்னா?" கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "ஊரெல்லாம் எனக்குக் கழுகுக் கண்ணுன்னு சொல்லுதாவ. கண்ணு என்னுதுதாம்மா. எங்க பாக்கணும்னு சொன்னது அந்த அம்மா கை. இத வெளிய சொல்லியிருக்கணும். சொல்லல. பேரு நல்லாருந்துது, விட்டுட்டேன்."

இரண்டு பேரும் கிறிஸ்துமஸுக்கு முந்திரிக்கொத்தும் பொங்கலுக்குக் கரும்பும் மாற்றிக்கொள்வார்கள். இதைப் பற்றி மட்டும் ஒருநாளும் பேசியதில்லை.

ஆகஸ்ட் 5, திங்கள்

எல்லாப் படத்திலும் எழுத்தைக் கருப்படித்து மறைத்துவிட்டுப் பிள்ளைக்கு முதலிலிருந்து பாடம் சொன்னேன். நான்கு நாள் ஓடியது. இன்று காலை முடிவு: 71.

புற்று உள்ள நூறு பேரில் இருபத்தொன்பது பேரை வீட்டுக்கு அனுப்பிவிடும். எங்கள் தெருவில் மொத்தமே இருபத்தெட்டு வீடு.

மூன்று பேருக்குத்தான் தெரியும். கட்டுரை அடுத்த மாதம் அச்சாகிறது. பொய் எண் என்றும் சொல்ல முடியாது. 94 வந்தது உண்மைதானே? வேனில் அக்காவையே அனுப்பச் சொல்லி இயக்குநரைக் கேட்டால் என்ன என்றுகூட யோசித்தேன். வேன் ஓடும், எண் நிற்கும், யாருக்கும் நஷ்டமில்லை. அக்கா இரண்டு வருஷத்தில் ரிட்டயர் ஆவார் என்பதை மட்டும் மறந்துவிட வேண்டும்.

இதை இவரிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, சட்னியைத் தொட்டுத் தோசையை முடித்துவிட்டுச் சொன்னார். "ஃபீஸ் போன எடத்துல தடிச்ச கம்பியச் சுத்தி விட்டாலும் லைட்டு எரியத்தான் செய்யும் செம்பா. எரியுதேன்னு வீட்டுக்காரன் நம்பிக் கெடப்பான், வீடு பத்திக்கிடுத வரைக்கும்."

அவருடைய உலகத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு ஃபீஸ் உண்டு. சில நேரம் எரிச்சலாக வரும். இன்று வரவில்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

இயக்குநர் கேட்டுவிட்டுச் சொன்னார். "நீங்க சொல்லலன்னா யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

"ஆமா சார்."

"பின்ன ஏன்?"

"வேன்ல படம் எடுக்கப் போற பொண்ணுக்கு எழுத்த நேரா ஒட்டத்தான சார் சொல்லிக்குடுத்திருக்கோம்?"

வேன் அக்டோபரில் போகும், ஆனால் புரோகிராம் இல்லாமல். எல்லாப் படத்தையும் கோமதிநாயகம் சாரே பார்க்க வேண்டும் என்பதால் போகிற ஊர்கள் பாதியாகிவிட்டன. கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று எழுதிவிட்டேன். கல்லூரியில் பேராசிரியர் பதவி நேர்காணல் பட்டியலில் என் பெயர் இருக்காது என்று துறைத் தலைவர் ரொம்ப மரியாதையாகச் சொன்னார். ரொம்ப மரியாதையாகச் சொன்னதுதான் வலித்தது.

வாசல் கடையில் இரண்டு உளுந்தவடை தின்றேன். மூன்றாவதையும் தின்றேன். பதினொரு வருஷம், மூன்று வடை.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

அழுது முடித்ததும் ஒரு யோசனை வந்தது. அக்காவின் கைக்குத் தெரிவதை நாம் ஏன் மறைக்க வேண்டும்? மறைவாக வந்ததுதானே தப்பு? நேராக வந்தால் அதுவும் ஒரு சாட்சிதான்.

படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் திரையில் ஒரு பெட்டி வைத்தேன். 'கைக்கு என்ன தோன்றியது?' பூஜ்யத்திலிருந்து மூன்று வரை. எந்த ஊர் வேனில் எந்த டெக்னீஷியன் எடுத்தாலும் எண் போட வேண்டும். யார் போட்டார் என்றும் பதிவாகும். இனிமேல் எழுத்து எல்லோருக்கும் நேராகத்தான். படங்கள் போதுமான அளவு சேர இரண்டு மூன்று வருஷம் ஆகும். நான் என்ன, நாளைக்கே செத்தா போகப்போகிறேன்?

(அந்தக் கடைசி வரியை அடிக்க நினைத்தேன். இருக்கட்டும்.)

அக்கா பெட்டியைத் தொடவே பயந்தார். "எழுதப்பிடாதுன்னு சொல்லியிருக்காவல்லா?" கோமதிநாயகம் சார் லெட்டர்ஹெட்டில், 'டெக்னீஷியன்கள் தங்கள் கருத்தை அவசியம் பதிவு செய்ய வேண்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். முப்பது வருஷ சர்வீஸில் அக்காவிடம் கருத்துக் கேட்டு வந்த முதல் காகிதம். மடித்துப் பவுடர் டப்பாவுக்குள் வைத்துக்கொண்டார்.

செப்டம்பர் 2, திங்கள்

எக்ஸ்ரே அறை பீரோவின் மேல் தட்டிலிருந்து ஒரு ஃபைலை எடுத்தேன். அக்கா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"டீச்சர், இடது கைய ஏன் தூக்க மாட்டேங்கிய?"

"சுளுக்கு."

"எப்பம் விழுந்தது?"

பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வலது தோளில் மாட்டியதையும் பார்த்தார்.

செப்டம்பர் 3, செவ்வாய்

அறைக்குள் நான் கால் வைத்ததும் அக்கா கதவைத் தாழ் போட்டார். வெளியே 'மிஷின் ரிப்பேர்' என்று பலகை மாட்டியிருந்தது. பொய் சொல்லத் தெரியாதவர்.

"மிஷின் முன்னால வந்து நில்லுங்க."

நின்றேன். தட்டில் உள்ளங்கைகளை வைத்துச் சூடேற்றினார். "வீட்டுல என்ன கொழம்பு?"

"தெரியும்கா, இப்படித்தான் எல்லாரையும் கேப்பிய."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"சொதி."

"சொதிக்கு இஞ்சித் தொவையல் வச்சியளா?"

வலது பக்கம் இப்படியே பேச்சில் முடிந்தது. இடது பக்கம் எடுத்து வைத்தார். தொவையலுக்குப் புளி எவ்வளவு என்று கேட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். அந்த அறையில் அக்கா பேசாமல் இருந்து நான் கேட்டதே இல்லை. டப்பா திறக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"எத்தன நாளா?" என்றார்.

"மே மாசத்துலருந்து."

அவ்வளவுதான். இத்தனை பக்கம் எழுதியும் எழுதாமல் வைத்திருந்ததை இரண்டு வார்த்தையில் சொல்லிவிட்டேன். சோப்புப் போடும்போது தட்டுப்பட்டது. கொழுப்புக் கட்டி என்றேன் எனக்கே. வேன் கிளம்பட்டும் என்றேன். பிறகு இந்தப் பிரச்சினை முடியட்டும் என்றேன். ஒன்பதாயிரம் பெண்களின் படத்தைப் பார்த்தவளுக்குத் தன்னுடையதைப் பார்க்கத் தைரியம் இல்லை.

"ஏளா," என்றார் அக்கா. பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக 'டீச்சர்' காணாமல் போயிருந்தது. "ஊருக்கெல்லாம் பாக்கத் தெரிஞ்ச ஒனக்கு ஒன் ஒடம்பப் பாக்கத் தெரியலயாளா?" திட்டிக்கொண்டே என் ஜாக்கெட் ஹூக்குகளை அவரே மாட்டிவிட்டார்.

திரைக்குப் போனேன். அக்கா தடுத்தார், தள்ளிவிட்டுப் போனேன். பிள்ளை பதிலைத் தயாராக வைத்திருந்தது: 'ஒன்றுமில்லை.' சந்தேகம் நூற்றுக்கு ஆறு. என் கண்ணுக்கும் ஒன்றும் தெரியவில்லை. வெறும் வெள்ளை மூட்டம். பெட்டியில் எண் இல்லை, காலி.

மூலையைப் பார்த்தேன். எழுத்து சாய்ந்திருந்தது.

"பெட்டியில ஏன்க்கா நம்பர் போடல?"

"மூணுன்னு போடணும்ளா. போட கை வரல."

நான் பெற்று வளர்த்தது என்னை வீட்டுக்குப் போ என்றது. அக்கா போக விடவில்லை. கையைப் பிடித்துக் கோமதிநாயகம் சார் அறைக்கு இழுத்துக்கொண்டு போனார். சார் படத்தைப் பார்த்தார், மூலையைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் ஸ்கேனுக்குச் சீட்டு எழுதினார்.

செப்டம்பர் 10, செவ்வாய்

ஊசி போட்டு எடுத்த சதையின் முடிவு வந்தது. புற்றுதான். பதினோரு மில்லிமீட்டர். அக்குளுக்குப் பரவியதாகத் தெரியவில்லை. "சீக்கிரம் வந்துட்ட, நல்லாயிரும்" என்று சார் சொன்னார். சீக்கிரம் வந்தது நானில்லை என்று அவருக்கும் தெரியும்.

இவரிடம் சொன்னேன். ஒரு மணி நேரம் மாடியில் தண்ணீர்த் தொட்டியைக் கழுவினார். போன வாரம்தான் கழுவியது. இறங்கி வந்தபோது கண் சிவந்திருந்தது. "ஜன்னல் வெளிச்சம்னு சொன்னியே" என்றார். நான் அவர் தோளில் சாய்ந்துகொண்டேன், வலது பக்கமாக.

எழுத உட்கார்ந்து இப்போதுதான் பார்க்கிறேன். முதல் பக்கத்தில் நான் காலியாக விட்ட கோட்டில், ரத்த வகை என்ற இடத்தில், இவர் கையெழுத்து: பி பாசிட்டிவ்.

செப்டம்பர் 16, திங்கள்

வியாழக்கிழமை ஆபரேஷன். அன்றைக்கு அக்கா லீவு போட்டிருக்கிறார். பேத்தியைப் பார்க்கப் போவதாக ஆபீஸில் எழுதிக் கொடுத்திருக்கிறாராம்.

கல்லூரி வேலைகளைப் பிரித்துக் கொடுத்தேன். பரணில் கிடந்த பிளாஸ்கைக் கழுவினேன். இவருக்கு ரசப்பொடி டப்பா எது, சாம்பார்ப்பொடி டப்பா எது என்று தாளில் எழுதி ஒட்டினேன்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போய் என் படத்தைப் பிள்ளைக்குப் பாடம் சொல்லும் தொகுப்பில் சேர்த்தேன். கடைசியாகச் சேர்ந்த புற்றுப் படம். பெயரைக் கருப்படித்தேன். பெட்டியில் எண் போட அக்காவைக் கூப்பிட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரே விரலால் மூன்றைத் தட்டினார். "இனிமேலாவது ஒழுங்காப் படிக்கச் சொல்லுளா அத" என்றார்.

அடுத்தது எழுத்தை மறைக்க வேண்டும். எல்லாப் படத்துக்கும் அதுதான் விதி, என்னுடையதுக்கு மட்டும் விலக்குக் கிடையாது. மறைப்பதற்கு முன் ஒரு தரம் நன்றாகப் பார்த்துக்கொண்டேன்.